நாலாவது ஆட்டத்தில் கேட்ட டிரா

மருந்துக்கடையில் பதினான்கு வருஷமாக வேலை பார்க்கிறாள் அக்கா. இதுவரை ஒரு மாத்திரையை மாற்றிக் கொடுத்ததில்லை. டாக்டர் கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தாலும் மூன்று தடவை படிப்பாள். சந்தேகம் வந்தால் ஃபோன் போட்டுக் கேட்பாள். டாக்டர் எரிந்து விழுந்தால் விழட்டும் என்று இருப்பாள். இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்க்கிறவளைத்தான் அவள் தம்பி தன் மிஷினுக்குக் கையாக வைத்துக்கொண்டான். வேறு யாரை வைப்பான், சொல்லுங்கள்.

கை என்றால் என்ன என்று கேட்பீர்கள். செஸ் ஆடுகிற கம்ப்யூட்டருக்கு மூளை உண்டு, கை கிடையாது. அதற்குப் பதிலாக ஒரு மனுஷர் பலகைக்கு முன்னால் உட்கார வேண்டும். எதிராளி காயை நகர்த்தினால் அதைத் தட்டி மிஷினுக்குச் சொல்ல வேண்டும். மிஷின் திரையில் காட்டுகிற பதிலைப் பார்த்து அந்தக் காயை எடுத்து வைத்து, கடிகாரத்தை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம். சொந்தமாக யோசிக்கக் கூடாது. உச்சுக்கொட்டக் கூடாது. எதிராளி சொதப்பினாலும் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது.

"ஆறு மணி நேரம் வாயைத் திறக்காம உக்காந்திருக்கியாமே. வீட்டுலயும் ஒரு நாள் முயற்சி பண்ணிப் பாரேன்" என்றார் அவள் கணவர். அவர் பஸ் டிரைவர். நாள் முழுக்க ஹாரன் சத்தம் கேட்டுக் கேட்டு, அவருக்கு அமைதி என்றால் சொர்க்கம்.

தம்பிக்கு இந்த மிஷின் ஆறு வருஷ உழைப்பு. ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடியில் அவனுக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஜன்னல் கிடையாது, மிஷினுக்காக ஏசி மட்டும் உண்டு. கல்யாணப் பேச்சை எடுத்தால், "மிஷினோட இந்தப் பதிப்பு முடியட்டும்" என்பான். ஒரு பதிப்பு முடிந்தால் அடுத்த பதிப்பு வரும், கல்யாணம்தான் வராது. அக்காவைச் செஸ்ஸில் ஜெயிக்க முடியாத கடுப்பில்தான் மிஷின் செய்யக் கிளம்பினான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. சின்ன வயதில் அவளிடம் நூறு ஆட்டமாவது தோற்றிருப்பான். தோற்றதும் பலகையைக் கவிழ்ப்பான். அப்புறம் அவனே கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து காய்களைப் பொறுக்கி அடுக்குவான்.

அக்காவும் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப்புக்குப் போவாள். ரிட்டயரான தபால்காரர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், அப்புறம் இவள் என்று அங்கே முதல் மூன்று இடமும் இவர்களுக்குள்தான் சுற்றும். அதற்கு மேல் போக வாய்ப்பு வரவில்லை. வரவில்லையே என்று அவள் யாரிடமும் புலம்பியதும் இல்லை.

ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநருக்குப் பொறுமை தீர்ந்துபோயிருந்தது. கெட்ட மனுஷர் இல்லை, ஆனால் மழைக் கணக்குப் பிரிவுக்கு அறை வேண்டும் என்று அவரைத் தினமும் நச்சரித்தார்கள். தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு கிராண்ட்மாஸ்டரை வரவழைக்கிறேன். நாலு ஆட்டம். உங்க மிஷின் ஒண்ணாவது ஜெயிக்கட்டும். ஜெயிச்சா அந்த ரூம் உங்களுக்கு. இல்லைன்னா மழைக்காரங்களுக்கு."

தம்பி சரி என்று தலையாட்டினான். வேறென்ன செய்வான்?

வந்த கிராண்ட்மாஸ்டருக்கு ஐம்பது வயதிருக்கும். ஜெயிப்பதில் பேர் எடுத்ததைவிட, தோற்காமல் இருப்பதில் பேர் எடுத்தவர். செஸ்ஸில் இரண்டு பேரும் கை குலுக்கி, போதும், சமம் என்று ஒத்துக்கொண்டால் அது டிரா. எப்போது கேட்பது, எப்படிக் கேட்பது என்பதெல்லாம் பெரிய வித்தை. எதிராளி பயந்திருக்கும் நேரம் பார்த்துக் கேட்டால் ஓடி வந்து கை கொடுப்பான். அவன் தெம்பாக இருக்கும்போது கேட்டாலோ, நீ பயப்படுகிறாய் என்று அவனுக்குத் தெரிந்துபோகும். இந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "எதிர்ல உக்காந்திருக்கிறவங்க காதைப் பார்ப்பேன். சிவந்தா கேப்பேன்" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லியிருந்தார்.

மிஷினுக்கு ஏது காது?

முதல் ஆட்டத்தில் கிராண்ட்மாஸ்டர் ஜெயித்துவிட்டார். இரண்டாவதில் இருபதாம் நகர்த்தலிலேயே டிரா கேட்டுப் பார்த்தார். இதற்கென்று ஒரு விதி உண்டு. அக்காவே அதைத் தட்டச்சு செய்து மேசை ஓரத்தில் ஒட்டியிருந்தாள். மூன்றே வரி. எதிராளி வைத்த நகர்த்தலை முதலில் மிஷினுக்குக் கொடுக்க வேண்டும். அது யோசித்து முடித்ததும் திரை ஓரத்தில் வரும் எண்ணைப் பார்க்க வேண்டும்; ஆட்டம் யார் பக்கம் எத்தனை சிப்பாய் அளவுக்குச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் எண் அது. எண் கால் சிப்பாய் அளவுக்குள் இருந்தால் சரி சொல்லலாம், அதற்கு மேல் மிஷினுக்குச் சாதகமாக இருந்தால் மறுக்க வேண்டும். அன்றைக்கு எண் அரைச் சிப்பாயைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா தலையை இடம் வலமாக ஆட்டினாள்.

"சுவத்துகிட்ட தண்ணி கேட்ட மாதிரி இருக்கு" என்றார் கிராண்ட்மாஸ்டர், நடுவரைப் பார்த்து.

பிறகு நாற்பதாம் நகர்த்தலில் கேட்டார். எண் சைபர். அக்கா தலையை மேலும் கீழும் ஆட்டினாள். மூன்றாவது ஆட்டமும் அப்படியே டிராவில் முடிந்தது. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். மூன்று நாளும் அவர் அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிரா கேட்பதென்றால் நடுவரிடம் சொல்வார், அல்லது திரையைப் பார்த்துச் சொல்வார். அவர் பார்வை அவளைத் தாண்டிப் போகும், அங்கே நாற்காலி மட்டும் இருப்பது போல. அக்காவுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. கைக்கு யார் வணக்கம் சொல்கிறார்கள்?

நாலாவது ஆட்டம் காலை பத்து மணிக்கு ஆரம்பித்தது. இதுதான் கடைசி. மிஷின் ஜெயித்தால் தம்பிக்கு அறை நிற்கும். தம்பி பக்கத்து அறையில் இருந்தான். ஆட்டம் நடக்கும்போது அவன் உள்ளே வரக் கூடாது, திரையைப் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். கிளப் ஆட்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தபால்காரர் துவைத்து மடித்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மூன்று மணி ஆனபோது பலகையில் அதிகம் மிச்சமில்லை. ஆளுக்கு ஒரு ராஜா, ஒரு யானை, நாலைந்து சிப்பாய்கள். எண் வெகு நேரமாகச் சைபரிலேயே கிடந்தது. அக்காவுக்கு முதுகு வலித்தது. யோசிக்கக் கூடாது என்று உத்தரவு இருந்தாலும் ஐந்து மணி நேரம் ஒரு பலகையை உற்றுப் பார்க்கிற ஆட்டக்காரி எப்படி யோசிக்காமல் இருப்பாள்? அவளும் மனசுக்குள் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். யானைகளை வெட்டிக்கொண்டால் என்ன ஆகும், வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் டிராதான்.

கிராண்ட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ராஜாவை ஒரு கட்டம் பக்கத்தில் தள்ளி வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தார். நடுவரைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை. முதல் தடவையாக அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவரும் களைத்திருந்தார், பாவம்.

"என்னம்மா சொல்றீங்க? போதும்ல? டிரா வெச்சுக்கலாமா?" என்று கேட்டுக் கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டாள்.

எல்லாம் இரண்டு நொடிதான். நடுவர் கடிகாரத்தை நிறுத்தி, தாளில் ஆளுக்கு அரைப் புள்ளி என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். கிராண்ட்மாஸ்டர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். கூட்டம் பெரிய அரங்குக்கு நகர்ந்தது. அங்கேதான் ஆட்டத்தை விளக்கிப் பேசுவதாக ஏற்பாடு.

அக்கா மட்டும் மிச்சம் இருந்தாள். ஆட்டம் முழுசாகப் பதிவாகட்டும் என்று, ராஜாவின் அந்தக் கடைசி நகர்த்தலை மிஷினில் தட்டினாள். தட்டும்போதுதான் உறைத்தது, இதை இப்போதுதான் தட்டுகிறோம் என்று. முதல் வரி விதி. அவளே எழுதி ஒட்டிய விதி.

ஏழு நொடி ஆயிற்று. சைபர் மறைந்து ஐந்து என்று வந்தது. ஐந்து சிப்பாய் அளவுக்கு மிஷின் பக்கம் சாய்ந்திருந்தது ஆட்டம். கீழே மிஷின் வழியையும் காட்டியது. யானைக்கு யானையை வெட்டுகிறது. அப்புறம் இருப்பது ராஜாவும் சிப்பாய்களும்தான். ஓடுகிற சிப்பாயைப் பிடிக்கக் கிராண்ட்மாஸ்டரின் ராஜா திரும்பி வர வேண்டும், ஆனால் அது ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது. ஒரே ஒரு கட்டம். அவர் ராஜாவை அந்தப் பக்கம் நகர்த்தாமல் சும்மா யானையை ஆட்டியிருந்தால் டிரா. நகர்த்தியதால் தோல்வி. அந்தத் தோல்வியைத்தான் அவள் கை குலுக்கி டிரா ஆக்கியிருக்கிறாள்.

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. சட்டென்று மிஷினை அணைத்தாள். அணைத்து என்ன பிரயோஜனம்? பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக மாத்திரையை மாற்றிக் கொடுத்தாயிற்று, அதுவும் சொந்தத் தம்பிக்கு.

அரங்கில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். மேடையில் பெரிய பலகை ஒன்று சுவரில் மாட்டியிருந்தது. கிராண்ட்மாஸ்டர் நின்றுகொண்டு ஒவ்வொரு நகர்த்தலாகக் காட்டிப் பேசினார். மேடையிலேயே அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியில் தம்பி உட்கார்ந்திருந்தான். முன்வரிசையில் இயக்குநர், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி.

கடைசி நகர்த்தலுக்கு வந்ததும் கிராண்ட்மாஸ்டரின் பேச்சு நின்றது. பலகையைப் பார்த்தார். விரலால் காற்றில் எண்ணினார். அப்புறம் அவராகவே யானைகளை எடுத்துவிட்டு, சிப்பாயை ஓட்டிக் காட்டினார். நல்ல மனுஷர், மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"நான் தோத்திருக்கணும்" என்றார். "வீட்டுக்குப் போற ஞாபகத்துல ராஜாவைத் தப்பா வெச்சுட்டு டிரா கேட்டிருக்கேன். மிஷினும் சரின்னுடுச்சு. என்னைவிட அதுக்கு அவசரம் போல."

அரங்கமே சிரித்தது. இயக்குநர் சிரிக்கவில்லை. தம்பி பக்கம் திரும்பி, "இதைக்கூடவா அது பார்க்கலை?" என்று கேட்டார்.

தம்பி மைக்கை வாங்கினான். "பார்க்கலை சார். சிப்பாய் ஓட்டத்தை அது சரியா எண்ணலை. என் தப்புதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. பொய். பச்சைப் பொய். போன வருஷம் முழுக்க அவன் வேறு வேலையே பார்க்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் சிப்பாய்களாக வைத்துக்கொண்டு சிப்பாய் ஓட்டத்தைத்தான் எண்ணிக்கொண்டிருந்தான். உலகத்தில் அந்த மிஷினுக்கு ஒரு விஷயம் உருப்படியாகத் தெரியும் என்றால் அது இதுதான். அப்படியானால் தம்பிக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் பார்த்திருக்கும், பார்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்பது கிராண்ட்மாஸ்டர் சிப்பாயை ஓட்டிக் காட்டிய நிமிஷமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதனால்தான் அரங்கில் எல்லா முகத்தையும் பார்க்கிறான், கடைசி வரிசையை மட்டும் பார்க்க மாட்டேன் என்கிறான்.

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அவன் சாகும்வரை இதைப் பற்றி மூச்சு விடமாட்டான். சாயங்காலம் அறையைக் காலி செய்வான், அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வருவான், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று சொல்லுவான். அதை நினைக்கும்போதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்தால் தபால்காரர் பார்ப்பார், வாத்தியார் பார்ப்பார். நாளைக்கு மருந்துக்கடை வரைக்கும் செய்தி போகும். போகட்டும்.

எழுந்து நின்றாள்.

"சார், அது பார்த்துச்சு" என்றாள். மைக் இல்லை, ஆனாலும் கேட்டது. "நான்தான் அதுகிட்ட கேக்கலை. கடைசி நகர்த்தலைக் கொடுக்காமலே கை குலுக்கிட்டேன். அப்புறமாத்தான் தட்டிப் பார்த்தேன். ஏழு நொடியில சொல்லிடுச்சு. பயத்துல அணைச்சுட்டேன்."

தம்பி இப்போது பார்த்தான். "அக்கா, உக்காரு" என்றான் மெதுவாக.

"நீ சும்மா இருடா."

இயக்குநர் எழுந்தார். "இப்ப இங்க காட்ட முடியுமா?" என்று கேட்டார்.

திரையைத் தள்ளிக்கொண்டு வந்து மேடையில் வைத்தார்கள். நடுவர் தாளைப் பார்த்து நகர்த்தல்களைச் சொல்ல, அக்கா ஒவ்வொன்றாகத் தட்டினாள். கடைசிக்கு முந்தைய நகர்த்தல் வரை எண் சைபரில்தான் இருந்தது. ராஜாவின் நகர்த்தலைத் தட்டினாள். யாரோ வாய்விட்டு எண்ணினார்கள். ஏழு எண்ணும்போது ஐந்து வந்தது, யானையை வெட்டு என்றது.

"முடிவை மாத்த முடியாது" என்றார் நடுவர், யாரும் கேட்காமலே. "கை கொடுத்தாச்சு. டிரா டிராதான்."

இயக்குநர் திரையைப் பார்த்தபடியே நின்றார். "ஜெயிச்சதா எழுத முடியாது" என்றார். "ஆனா இதுக்குக் கண் இல்லைன்னும் சொல்ல முடியாது. ரூம் இருக்கட்டும். மழைக்காரங்களுக்கு வேற இடம் பார்க்கிறேன்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் அழுகிறான் என்பது அக்காவுக்கு மட்டும் தெரிந்தது.

கிராண்ட்மாஸ்டர் அக்காவின் பக்கத்தில் வந்தார். கோபமாக வருகிறார் என்றுதான் நினைத்தாள். அவர் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் வந்திருந்தார். "நேத்தும் முந்தாநேத்தும் சரியாத்தான் செஞ்சீங்க. இன்னிக்கு என்ன ஆச்சு?"

மழுப்பலாம். களைப்பு, தூக்கம் என்று ஏதாவது சொல்லலாம். அக்கா சொன்னாள்: "இத்தனை நாள் மிஷின்கிட்ட கேட்டீங்க. இன்னிக்கு என் முகத்தைப் பார்த்துக் கேட்டீங்க. ஒரு கிராண்ட்மாஸ்டர் என்கிட்ட டிரா கேக்கறார்னு நினைச்சுட்டேன் சார். மிஷின் ஞாபகமே வரலை."

அவர் சுவரில் இருந்த பெரிய பலகையைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க ஆடுவீங்களா?"

"கிளப்ல ஆடுவேன்."

"பலகையைப் பார்த்து உங்களுக்கு என்ன தோணுச்சு?"

"டிரான்னுதான் தோணுச்சு. ராஜா ஒரு கட்டம் தள்ளிப் போனதுல வித்தியாசம் வரும்னு படலை."

"எனக்கும் படலை" என்றார் அவர். "அப்ப நான் உங்ககிட்டதான் கேட்டேன்னு வெச்சுக்கங்க. நீங்களும் சரியாத்தான் பதில் சொன்னீங்க." மறுபடி கை நீட்டினார். இந்தத் தடவை அக்கா அவசரப்படாமல், சேலைத் தலைப்பில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு கொடுத்தாள்.

எல்லாரும் போன பிறகு அக்காவும் தம்பியும் வயர்களைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவன் ஏதோ சொல்ல வருவதும் விழுங்குவதுமாக இருந்தான். அவன் என்ன சொல்லத் தவிக்கிறான் என்பது அவளுக்குத் தெரியாதா? அவளே ஆரம்பித்தாள்.

"அடுத்த தடவை வேற ஆளை உக்கார வை."

"அதெல்லாம் இல்லக்கா. டிரா கேட்டா அதுவே பதில் சொல்ற மாதிரி எழுதிடறேன். நீ காயை மட்டும் நகர்த்து."

"வேணாம்டா. எனக்குக் கையா உக்கார முடியாது. இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு." வயரைக் கட்டி மேசையில் வைத்தாள். "எனக்கு அதோட ஒரு ஆட்டம் ஏற்பாடு பண்ணு. நான் எதிர்ப் பக்கம் உக்காரறேன்."

தம்பி சிரித்தான். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. "உன்னை நொறுக்கிடும்க்கா. முப்பது நகர்த்தல் தாண்டமாட்டே. அப்புறம் நீ டிரா கேட்டாலும் அது ஒத்துக்காது."

"நான் ஏன் கேக்கறேன்?" என்றாள் அக்கா. "அது கேக்கட்டும்."

தம்பி வயரைச் சுற்றுவதை நிறுத்தினான். மிஷின் தானாக டிரா கேட்க வேண்டுமென்றால் எதைப் பார்த்துக் கேட்கச் சொல்லி எழுதுவது என்று, கையில் வயரை வைத்துக்கொண்டு நின்றபடியே யோசிக்க ஆரம்பித்துவிட்டான்.